பாதியில் இறங்கிய கை

விருதுநகர்
5.10.2005

மரியாதைக்குரிய ஜெயச்சந்திரன் அண்ணாச்சிக்கு,

தங்கச்சி முத்துமாரியம்மாள் வணக்கம் சொல்லி எழுதுகிறேன். பெங்களூரில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும். மதினிக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? எங்கள் செல்வலட்சுமி மதுரையில் விடுதியில் தங்கி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இப்போதைக்கு வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டாள். இங்கே ஒரே மழை, பஸ் சரியாக ஓடவில்லை என்றேன். இங்கே ஒரு சொட்டு மழை இல்லை.

உங்கள் சிநேகிதர், என் வீட்டுக்காரரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்களும் அவரும் காஷ்மீரில் பூஞ்ச் பக்கம் கண்ணிவெடி எடுக்கப் போன காலத்தில், அவர் முன்னால் நடப்பாராம். வலது கை முடி சிலிர்த்து நின்றால் கையைத் தூக்குவாராம். பின்னால் வருகிற அத்தனை பேரும் வைத்த காலை எடுக்காமல் நிற்பீர்களாம். அந்தக் கை இல்லையென்றால் நான் இன்றைக்கு இல்லை என்று எங்கள் வீட்டுப் பால்காய்ப்பில் நீங்களே என்னிடம் சொன்னீர்கள்.

பட்டாளத்திலிருந்து வந்த பிறகு அவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தார். 1999 சீசனில் ஒரு மத்தியானம், வெடி காயவைக்கிற மேடைப் பக்கம் போனவர் அப்படியே நின்று கையைத் தூக்கியிருக்கிறார். யாரும் பேசவில்லை, ஓடவில்லை. நாற்பது பெண்கள் போட்டது போட்டபடி எழுந்து வேப்பமரங்களைத் தாண்டி வந்து நின்றிருக்கிறார்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகியிருக்கும். மேடையும் இரண்டு ஷெட்டும் இருந்த இடம் தெரியவில்லை. ஒரு உயிருக்குச் சேதமில்லை. அதற்குப் பிறகு காரியாபட்டி வரைக்கும் ‘கை தூக்குன சுபேதார்’ என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பெயருக்காகத்தான் 2001-ல் கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்து சீட்டுக் கொடுத்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. கை வேறு கட்சிச் சின்னமாம். “மேடையில கையைத் தூக்கிராதீக சுபேதாரே, நம்ம ஓட்டு அங்கிட்டுப் போயிரும்” என்று சொல்லி வைத்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டே ஓட்டுக் கேட்டு ஜெயித்தார். சட்டசபையில் முதல் பேச்சே ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் இடையே விட வேண்டிய தூரத்தைப் பற்றித்தான். பத்திரிகையில் ஓர் ஓரமாக வந்தது. வெட்டி வைத்திருக்கிறேன்.

எம்.எல்.ஏ. ஆன பிறகும் கம்பெனிக்காரர்கள் விடவில்லை. சீசன் தொடங்கும் முன்னால் அவர் ஒரு தடவை ஷெட்டுகளுக்குள் நடந்து வந்தால்தான் பெண்கள் உள்ளே உட்காருவார்கள். சாமி புறப்பாடு மாதிரி ஆகிப்போனது. இரண்டு தடவை கையைத் தூக்கினார், ஒன்றும் வெடிக்கவில்லை. கம்பெனியை மூடி, மருந்தை அழித்து, மறுபடி திறக்க வாரக்கணக்கில் ஆனது. கட்சியில் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்கள். வேலை போன பெண்கள் எங்கள் வாசலில் வந்து, “வெடிச்சா ஒரு நா சாவு, மூடுனா தெனமும் சாவு, நாங்க என்னத்தத் திங்க?” என்று அழுதார்கள்.

போன மாதம் ஆறாம் தேதி, ஆமத்தூருக்கு மேற்கே காசிராஜன் முதலாளியின் கம்பெனியில் புது ஷெட்டுகள் திறப்பு. மாவட்டத்துப் பெரிய ஆட்களும் வந்திருந்தார்கள். அன்று காலை வீட்டில் விசேஷமாக ஒன்றுமில்லை. காபி குடித்துவிட்டுப் புறப்பட்டார். ஷெட்டு ஷெட்டாக நடந்து பார்த்து, சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து காரில் ஏறியிருக்கிறார். ஆமத்தூர் வருவதற்குள் சத்தம் கேட்டதாம். ஒன்பது பேர், அண்ணாச்சி. எல்லோரும் பெண்கள். அதில் ஒருத்தி வேல்விழி, நம் செல்வலட்சுமி வயது.

ஊர் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுபேதார் பார்த்துவிட்டுப் போன பிறகும் வெடித்தது என்றால் அது தெய்வக் குத்தம் என்று பேசிக்கொண்டார்கள். ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வேல்விழியின் அம்மா மாடத்தி எங்கள் வீட்டுக்கு எதிரே வந்து நின்றாள். அவளும் அதே கம்பெனியில் எதிர் ஷெட்டில் வேலை பார்த்தவள். காலை பத்து மணி. மனு கொடுக்க வந்திருப்பாள் என்று நினைத்துக் கூப்பிட்டேன். வரவில்லை. வலது கையை மெள்ள இடுப்பு உயரத்துக்குத் தூக்கினாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு இறக்கிவிட்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாள் இன்னொரு தாயும் கூட வந்தாள். இன்றைக்கு எட்டுப் பேர். கூச்சலில்லை, கோஷமில்லை. எட்டு வலது கைகள் இடுப்பு வரைக்கும் எழும்பி, நின்று, இறங்குகின்றன. விரல் இடுக்குகளில் வெடி மருந்தின் சாம்பல் பூச்சு இன்னும் போகவில்லை. டிரைவர் முனியராஜ் அந்த நேரத்தில் வண்டியை எடுக்க மாட்டேன் என்கிறான். தெருப் பிள்ளைகள் அதை விளையாட்டாகச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று சோறு வடித்துக்கொண்டிருந்தேன். சட்டியைப் பிடித்திருந்த கையை எடுத்து இடுப்பளவில் தூக்கியபடி நிற்கிறேன். எப்போது தூக்கினேன் என்றே தெரியவில்லை.

அவர் சட்டசபைக்குப் போகவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கிறார். பத்து மணி நெருங்கினால் தானாக எழுந்து, சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் விறைப்பாக நிற்கிறார். அவர்கள் வந்துவிட்டார்களா என்று எப்படித் தெரிகிறதோ! இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய வலது கை முடி அன்றிலிருந்து படியவேயில்லை. எண்ணெய் தேய்த்துப் பார்த்தேன். தூங்கும்போதும் நிற்கிறது.

அந்தக் கைக்கு என்ன அர்த்தம் அண்ணாச்சி? அவரிடம் கேட்டால் சுவரைப் பார்க்கிறார். அவர் பின்னால் பதினோரு வருஷம் நடந்தவர் நீங்கள். தெரிந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கச்சி முத்துமாரி


விருதுநகர்
27.10.2005

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் எழுதியிருந்ததை முதலில் நான் படித்தேன். ‘தங்கச்சாமி கையைத் தூக்கினால் தூக்கியதுதான். பாதியில் இறக்கி நான் பார்த்ததே கிடையாது. இறக்கியிருந்தால், தெரிந்துகொண்டே நடந்திருக்கிறான் என்று அர்த்தம். அவனிடமே கேள் தாயி.’ இதை வாயால் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. காபியோடு கடிதத்தையும் அவர் முன்னால் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு தடவை படித்தார் போலிருக்கிறது. காபி ஆடை கட்டிப்போய்க் கிடந்தது. குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு, சரியாகப் பத்து மணிக்கு வெளிக்கதவைத் திறந்து ரோட்டைத் தாண்டினார். நான் பின்னாலேயே போனேன். அன்றைக்குப் பதினாலு பெண்கள். மாடத்தி எதிரே போய் நின்றார். அவள் கை பாதியில் இருந்தது.

“தெரிஞ்சது தாயி” என்றார். “ஒம் மக ஒக்காந்திருந்த ஷெட்டு வாசல்ல எனக்குத் தெரிஞ்சது. கை எந்திரிச்சது. நாந்தான் எறக்கிட்டேன்.”

மாடத்தி கையை இறக்கவில்லை. “நான் எதிர்ல இருந்து பாத்தேன்யா” என்றாள். “எம் மக ஒங்ககிட்ட என்னமோ கேட்டுச்சே, என்ன கேட்டுச்சு?”

“உள்ள இருக்கலாமாய்யான்னு கேட்டுச்சு.”

“நீங்க என்ன சொன்னீக?”

“தலைய ஆட்டுனேன்.”

அவள் அப்போதுதான் கையை இறக்கினாள். பிறகு, “எந்திரிச்சு வெளிய வர நேரம் இருந்துச்சா?” என்று கேட்டாள். “இருந்துச்சு” என்றார். மாடத்தி அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். மற்ற பெண்கள் அவளைத் தூக்கிக் கூட்டிப்போனார்கள். ஒருத்திகூட அவரை ஏசவில்லை, அண்ணாச்சி. ஒருத்தி போகிற போக்கில், வெயிலில் நிற்கிறார் என்று தன் முந்தானையை உதறி அவர் தலைக்கு மேலே ஒரு கணம் பிடித்துவிட்டுப் போனாள்.  பிணத்துக்கும் அப்படித்தானே பிடிப்பார்கள்.

அன்றே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு விசாரணை அதிகாரிக்கு அனுப்பினார். பதவி விலகல் கடிதமும் போய்விட்டது. கட்சிக்காரர்கள் வந்து, தேர்தலுக்கு ஆறு மாதம் இருக்கிறது, புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கித் தருகிறோம் என்றார்கள். காசிராஜன் முதலாளி ஆள் அனுப்பி, தான் பிள்ளைகுட்டிக்காரன் என்று சொன்னார். இவர் எல்லோருக்கும் டீ கொடுக்கச் சொன்னார், அவ்வளவுதான். தீபாவளி கழிந்த திங்கட்கிழமை நேரில் வந்து சொல்லும்படி விசாரணை அதிகாரியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. கை முடி படிந்துவிட்டது. நன்றாகத் தூங்குகிறார்.

நான்தான் தூங்கவில்லை.

மற்ற பெண்கள் வருவது நின்றுவிட்டது. மாடத்தி மட்டும் வருகிறாள். கையைத் தூக்குவதில்லை. அவருடைய ஜன்னல் பக்கம் பார்ப்பதும் இல்லை. வீட்டைச் சுற்றிச் சந்துக்குள் வந்து, என் அடுப்படி ஜன்னலுக்கு நேராக நின்று பார்க்கிறாள். பத்து மணிக்கு வருகிறாள், நான் அடுப்பை அணைக்கிறவரைக்கும் நிற்கிறாள். அடுப்படியில் நடந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? அவர் எழுதிய தாளை நான் வரி விடாமல் படித்தேன். அதில் அது இல்லை.

போன கடிதத்தில் உங்களிடம் பொய் எழுதிவிட்டேன். அன்று காலை விசேஷமாக ஒன்றுமில்லை என்று எழுதினேனே, அது பொய். அவர் அடுப்படியில் நின்று காபி குடித்துக்கொண்டே, “கை ஒரு மாதிரியா இருக்கு, இன்னைக்குப் போகவே யோசனையா இருக்கு” என்றார். எனக்குக் கோபம் வந்தது. கட்சியில் வாங்கிய பேச்சும் வாசலில் அந்தப் பெண்கள் அழுததும்தான் மனதில் இருந்தது. அடுத்த தடவை சீட்டு இல்லை என்று காதில் விழுந்திருந்தது. “இன்னைக்கு ஒரு நா அந்தக் கையைத் தூக்காம வந்துருங்க. எங்களுக்காகத்தான் கேக்கேன்” என்றேன். செல்வலட்சுமி தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். பிள்ளை இங்கே இல்லை. அவள் போட்டோவின் மேல் கையை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனார்.

ஒரு பிள்ளைக்காகச் செய்த சத்தியம் அண்ணாச்சி. அதே வயதுப் பிள்ளை அண்ணாந்து பார்த்துக் கேட்டபோது, அவர் கை எப்படி இறங்கியது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்லக் கூடாது, செல்வலட்சுமிக்குத் தெரியவே கூடாது என்கிறார்.

திங்கட்கிழமை நானும் அவரோடு போகிறேன். அவர் சொல்லி முடித்ததும் நான் எழுந்து சொல்லப்போகிறேன். மாடத்தியும் அங்கே இருப்பாள். அவர் குறுக்கே விழுந்து, இவளுக்கு ஒன்றும் தெரியாது என்பார். அவர் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்.

உங்களுக்கும் மதினிக்கும் ஒரு குறையும் வராமல் பத்திரகாளியம்மன் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடுங்கள், அண்ணாச்சி. அன்று நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பேசி முடிக்கிற வரைக்கும் அவரைப் பேச விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உங்களைத் தவிர வேறு யாரையும் கேட்க முடியாத,
முத்துமாரியம்மாள்