பெண்பிள்ளைகள் வேனில் ஒஸ்வல்ட்

ஜூலை 8, செவ்வாய்

மகள் அஸ்ராவுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. நாள் முழுக்க இடுப்பில்தான். ஒரு கையால் நாடகப் பயண ஆப்பின் ஸ்க்ரீன்களை வரைந்து முடித்தேன்.

ஏ.எல். உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் எடுக்கிற பிள்ளைகள் ஒரு மேடை நாடகம்கூடப் பார்க்காமல் சோதனை எழுதுகிறார்கள் என்று மஸீனா டீச்சர் சொன்னதில் தொடங்கிய வேலை. என்ன நாடகம், யார் யார் போகிறார்கள், எந்த வேன் — எல்லாம் ஒரே இடத்தில். முதல் பயணம் 19ஆம் திகதி, கண்டிக்கு. மூன்று பாடசாலைகளின் பெண்பிள்ளைகள். மாத்தளை பஸ் ஸ்டாண்டில் ஏற வேண்டும்.

டைப் பண்ணச் சிரமப்படுவார்களே என்று, ஃபோனில் உள்ள பெயரையும் படத்தையும் ஆப் தானாக எடுத்துக்கொள்ளும்படி வைத்தேன். உதவிக்கு ஸஜ்ஜாத்தின் பெயரும் நம்பரும். என் நம்பர் கண்ட கண்ட ஆட்களிடம் போக வேண்டாம். புருஷன் எதற்குத்தான் இருக்கிறார்?

ஜூலை 10, வியாழன்

ஆப்பின் பெண்பிள்ளைகள் குழுவில் ஒரு புதுப் பெயர். ஒஸ்வல்ட். ஊர் எல்கடுவ. படத்தில் தடித்த மீசை, ஐம்பது வயதுக்குக் குறையாது.

மாணவிகள் போகிற வேனில் இந்த ஆளுக்கு என்ன வேலை?

ஜூலை 11, வெள்ளி

எழுதத் தொடங்கிவிட்டான். "நாடகம் எத்தனை மணிக்கு முடியும்?" கொஞ்சம் கழித்து, "பிள்ளைகள் எந்தப் பக்கத்தால் வெளியே வருவாங்க?"

ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜூலை 12, சனி

"வேன்ல எத்தனை பெண்பிள்ளைகள்? பெரியவங்க யாரும் கூட வாறாங்களா?"

பகலில் ஆள் இருப்பதில்லை. அந்தியானதும் வந்துவிடுகிறான். எங்கிருந்து வருகிறான்?

ஸஜ்ஜாத்திடம் காட்டினேன். "ஒங்களுக்கு எல்லாருமே கள்ளனுங்கதான். போன கெழம பால்காரன், இப்ப இவன். ஒரு ஃபோன் கோல் எடுத்துக் கேளுங்களேன்" என்றார். கோல் எடுத்தால் என் நம்பர் அவனிடம் போய்விடாதா? அதைச் சொன்னதும் சிரித்தார். பொம்புளப் புள்ள பெத்து வெச்சிக்கிட்டு இந்த மனுஷனுக்கு எப்படிச் சிரிப்பு வருது?

ஜூலை 14, திங்கள்

ஆப்பை இயக்கி வைப்பது என்னோடு படித்த தினுஷா. அந்தக் கணக்கை நீக்கச் சொன்னேன். யாரென்று விசாரித்துவிட்டுச் செய்வோமே என்று சிங்களத்தில் இழுத்தாள். பிடிவாதமாக நின்றேன். அவனுக்குத் தெரியாமலே நீக்கு என்றும் சொன்னேன். தெரிந்தால் வேறு பெயரில் வருவான். அவன் ஃபோனில் பழைய விவரங்கள் அப்படியே கிடக்கட்டும், புதிதாக ஒன்றும் போகாது.

நீக்கிவிட்டாள். இன்றைக்காவது தூக்கம் வரும்.

ஜூலை 18, வெள்ளி

கண்டியில் நெரிசலாம். வேன் பத்து மணிக்குப் பதில் ஒன்பதுக்கே புறப்படும் என்று மஸீனா டீச்சர். குழுவில் உள்ள எல்லோருக்கும் அறிவித்தல் போயிற்று.

ஜூலை 19, சனி

எப்படி எழுதுவது —

பத்தரைக்கு ஸஜ்ஜாத்தின் ஃபோன் அடித்தது. கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"சேர், பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிறோம். வேன இன்னும் காணோமே. பத்து மணின்னுதானே போட்டிருக்கு?"

அஸ்ராவையும் தூக்கிக்கொண்டு த்ரீவீலில் போனோம். தேய்த்த சட்டையில் அந்த மீசைக்காரர். பக்கத்தில் வெள்ளைச் சீருடையில் ஒரு பிள்ளை, தண்ணீர்ப் போத்தலோடு.

"எம்மவ ரொஷானிங்க. வீட்டுல ஒரு ஃபோனுதான். அந்திக்கு நான் வேல முடிஞ்சு வந்தாத்தான் அவ கைக்குப் போகும்."

"அப்பா, அந்தப் படத்த மாத்துங்கன்னு அப்பவே சொன்னேன்ல" என்றாள் அந்தப் பிள்ளை. "கள்ளன் மாதிரி இருக்குன்னு."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வேன் அந்நேரம் கண்டியை நெருங்கியிருக்கும். ஆப்பில் ஏதோ பிழை என்று சொன்னேன். ஸஜ்ஜாத் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பிள்ளை எல்கடுவ பஸ்ஸில் ஏறும்வரை அழவே இல்லை. ஏறிய பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒரு வீட்டுக்கு ஒரு ஃபோன்தான் இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? எங்கள் வீட்டிலும் நான் ஏ.எல். படிக்கும்போது வாப்பாவின் ஃபோன்தானே இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

என் நம்பரிலிருந்தே ஒஸ்வல்டுக்குக் கோல் எடுத்தேன். பிழை ஆப்பில் இல்லை, நான்தான் சந்தேகப்பட்டு நீக்கச் சொன்னேன் என்றேன்.

"நெசத்தச் சொல்லவாங்க மிஸ்? பொம்பளப் புள்ளைங்க போற வேனுக்கு ஸஜ்ஜாத்துன்னு ஒரு ஆம்பள பேரும் நம்பரும் போட்டிருந்திச்சு. யாரு இந்த ஆளு, இவனுக்கு இங்க என்ன வேலன்னு வீட்டுல ஒரே சண்ட. அதனாலதான் அத்தன கேள்வி கேட்டேன்."

ஸஜ்ஜாத்திடம் சொன்னேன். "நானா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 23, புதன்

ஸஜ்ஜாத்தின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரையும் நம்பரையும் போட்டேன். மாணவியின் பெயர் தனியாக, ஃபோன்காரரின் பெயர் தனியாக. ஒஸ்வல்ட் கேட்டதெல்லாம் இப்போது முதல் ஸ்க்ரீன்: எத்தனை மணிக்கு முடியும், எந்தப் பக்கத்தால் வெளியே வருவார்கள், கூட வருகிற பெரியவர் யார்.

தினுஷா ஒன்றும் குத்திக்காட்டவில்லை. அதுதான் சுட்டது.

ஆகஸ்ட் 2, சனி

அடுத்த நாடகம் 16ஆம் திகதி. குழுவைத் திறந்து ஒரு வாரமாகியும் எல்கடுவவிலிருந்து யாருமில்லை. இனி வரமாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்று அந்திக்கு ஒரு பெயர் சேர்ந்தது. ரொஷானி, ஃபோன் அப்பாவுடையது. படத்தில் அதே மீசை. கீழே ஒரே ஒரு கேள்வி:

"மிஸ், நீங்களும் வேன்ல வருவீங்களா?"

வருவேன் என்று எழுதிவிட்டேன். அன்றைக்கு அஸ்ராவை யார் பார்த்துக்கொள்வது என்று ஸஜ்ஜாத்திடம் இன்னும் கேட்கவில்லை.