கண்ணாடிக் கூண்டில் கைதட்டியவள்

நியூகாசல், ஆஸ்திரேலியா,
19 மே 1963

அன்புள்ள கிளைவுக்கு,

இந்தக் கடிதம் விமானத் தபாலில் உனக்கு முன்பே கொழும்புக்குப் போய், கப்பல் கம்பெனி அலுவலகத்தில் காத்திருக்கும். உடம்பு எப்படி இருக்கிறது? படகில் துறைமுகத்தைத் தாண்டினாலே வாந்தி எடுப்பவன் நீ. இஞ்சி பிஸ்கட்டைப் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கடை ஓடுகிறது. புயலால் படகுகள் போகவில்லை, மீன் விலை ஏறிக் கிடக்கிறது. ஐஸ் அறைக் கதவின் கீலை நானே மாற்றிவிட்டேன். நீ மாற்றுவாய் என்று போன கோடையிலிருந்து காத்திருந்த கீல்தான்.

வெள்ளிக்கிழமை நம் வினாடி வினாப் போட்டியை டெலிவிஷனில் காட்டினார்கள். நீ கப்பல் ஏறிய பிறகுதான் காட்டுவார்கள் என்று உனக்குத் தெரிந்தே இருந்திருக்கும். எனக்குத்தான் அது உறைக்கவில்லை. பேக்கரி மேவிஸ், படகுக்காரர் ஸ்டான், தெருவில் பாதிப் பேர் நம் வீட்டில்தான். கேக் வெட்டி, டீ போட்டு, பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

விதிகளை நான்தான் உனக்குப் படித்துக் காட்டினேன். ஜோடியில் ஒருவர் கண்ணாடிக் கூண்டுக்குள். காதில் பாட்டு, வெளியே பேசுவது எதுவும் கேட்காது. மற்றவர் மணிக்குப் பக்கத்தில். கடைசிக் கேள்வி முதலில் மணிக்காரருக்கு மட்டும். அவர் மணி அடித்தால் கேள்வி கூண்டுக்குப் போகும். கூண்டுக்காரர் சரியாகச் சொன்னால் லண்டனுக்கு இரண்டு கப்பல் சீட்டு, தவறினால் ஒரு பெட்டி சோப்பு. அடிக்காவிட்டால் மேஜை மேலிருக்கும் ஒற்றைச் சீட்டு மணிக்காரருக்கே. “நீதான் மூளைக்காரி தெல், நீ உள்ளே போ” என்றாய். எனக்கு வாயெல்லாம் பல்.

உன் கை மணிக்கு மேலே போனதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். நீ கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு மேஜைப் பக்கம் போனாய். கூட்டம் கைதட்டியது, ஏதோ ஜெயித்துவிட்டோம் என்று நானும் தட்டினேன்.

என்ன கேள்வி என்று ரயிலில் கேட்டேன். “ஏதோ பழைய ராஜாவைப் பத்தி, தெல். உனக்குத் தெரியாது. சோப்புதான் மிஞ்சியிருக்கும்” என்றாய். நம்பினேன். ஒருவராவது லண்டனைப் பார்க்கட்டும் என்று உன் பெட்டியை நானே கட்டினேன்.

வெள்ளிக்கிழமைதான் அந்தக் கேள்வியை முதல் முறையாகக் கேட்டேன். நண்டைப் புரட்டிப் பார்த்து ஆணா பெண்ணா என்று எப்படிச் சொல்வது?

மேவிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஏன்டி, இன்னிக்குக் காலையிலகூட எனக்குப் புரட்டிக் காட்டினியே! ஆணுக்கு வயித்து மடல் குறுகல், பெண்ணுக்கு அகலம்னு!” என்றாள். ஸ்டான் விவரம் புரியாமல், “கிளைவ் ஒரு மடையன்! நம்ம தெல் இதைத் தூக்கத்துலயே சொல்லிருப்பாளே!” என்று சிரித்தார். மேவிஸ் அவர் காலை மிதித்த பிறகுதான் நிறுத்தினார். திரையில் நான் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தேன். யாரோ டெலிவிஷனை அணைத்தார்கள். கேக்கை யாரும் தொடவில்லை.

நீ மடையன் இல்லை, கிளைவ். மீன் நாறுகிறது என்று விட்டுப் போகிறவரை நான் தடுத்ததில்லை. நல்ல மீன் என்று தெரிந்தும் விட்டுப் போகிறவரைக் கூப்பிட்டு விலையும் குறைத்ததில்லை; அவருக்கு வேண்டியது மீனே இல்லை. இருபது வருடம் தினமும் காலையில் என் பக்கத்தில் நின்று நண்டு பிரித்தவன் நீ. மணி அடித்திருந்தால் இரண்டு சீட்டு என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

சீட்டை நீயே வைத்துக்கொள். நான் கேட்பது ஒன்றுதான். திரும்பி வருவாயா, மாட்டாயா? கொழும்பிலிருந்து ஒரு வரி எழுதிப் போடு. எந்தப் பதிலானாலும் என் காதில் விழும்படி சொல். இன்னொரு தடவை ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து கைதட்ட என்னால் ஆகாது.

கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும். இஞ்சி பிஸ்கட்டைச் சாப்பிடு.

இன்றுவரை உன் மனைவி,
தெல்மா