உடம்பைக் காட்டாதவரை

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டம் முழுக்கப் பனிமூட்டம், எதிர் லயத்து வீட்டு வரிசையே தெரியவில்லை. துவைத்த துணி மூன்றாம் நாளும் ஈரம். ஆறாம் அத்தியாயம் இன்றே தொடங்க வேண்டும்.

முதலாளி (இனி மு.) கொழும்பிலிருந்து அழைத்தார். நான் கதை எழுதும் கேமில் கதாநாயகன் மாறன் உயிரோடு திரும்ப வேண்டுமாம். நான்காம் அத்தியாயத்தில் அவனை அருவியில் தள்ளிவிட்டது நான். கடைசி வசனத்துக்கே மூன்று நாள் எடுத்தேன், பதுளை பஸ்ஸில் போகும்போதுகூட அதையே திருத்திக்கொண்டு. விளையாடுகிறவர்கள் இப்போது திட்டித் தீர்க்கிறார்களாம். மு. தன் பழைய விதியை எடுத்துவிட்டார்: "கலா, உடம்பக் காட்டலதானே? காட்டாதவரைக்கும் ஆள் சாகல."

கேம்களில் செத்தவர்கள் திரும்பி வரும் வழிகள், நான் பார்த்தவரை:

1. பாதி வழியில் ஒரு மரக்கிளை.
2. செத்தது இவன் இல்லை, இவனைப் போலவே இருந்த இன்னொருவன்.
3. குண்டு சட்டைப்பைத் தாயத்தில் பட்டது.
4. ஞாபகமறதி. மீனவர் வீட்டில் இரண்டு வருடம். தலைமுடியை மட்டும் யாரோ அழகாக வெட்டிவிட்டிருப்பார்கள்.
5. காரணமே கிடையாது. கதவைத் திறந்துகொண்டு வருவான், அவ்வளவுதான்.

தம்பி ரவிக்கு ஐந்தாவதுதான் பிடிக்கும். "வந்துட்டான்ல, அப்பறம் என்னா கேள்வி?" என்பான்.

வருகிற திங்களோடு ஒரு வருடம். கீழ் லயத்துக்குப் பின்னால் மேடு சரிந்தபோது, பார்வதி அக்காவின் வீட்டுக்காரரை இழுத்துவர ரவி ஓடினான். இரண்டு பேரும் வரவில்லை. எட்டு நாள் தோண்டினார்கள். ரவியின் வலது செருப்பு மட்டும் கிடைத்தது.

பின்சுவர் வெடிப்பு: கிராம சேவகர் குறுக்கே ஒட்டச் சொன்ன காகிதம் இழுத்துப் பிடித்தபடி நிற்கிறது. கிழியவில்லை. கிழிந்தால் உடனே வெளியேற வேண்டும்.

நவம்பர் 5, புதன்

மழை. மதியம் அரை மணி நேரம் விட்டது. கொழுந்துக்குப் போனவர்கள் பாதியில் திரும்பினார்கள்.

தெமோதரையிலிருந்து கணேசன் மாமா வந்தார், அம்மாவின் தம்பி. உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரி கட்டி, எரித்து, பிறகு காரியம் செய்யலாமாம். ஐயரிடம் பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

அம்மா கேட்டாள், "புல்லக் கட்டி வச்சு, இதுதான் என் புள்ளனு கொளுத்துவியா நீ?"

"அக்கா, ஒரு வருஷமாச்சு. அவன் அலையக் கூடாதுல்ல."

"உயிரோட இருக்கிறவனுக்கு எதுக்குடா காரியம்?"

மாமா தேத்தண்ணீரைக்கூடத் தொடாமல் போனார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் முகம்தான் பாவமாக இருந்தது.

பின்னேரம் கிராம சேவகர். மேடு மறுபடி நகர்கிறதாம், வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அம்மா அவரிடமும் ஒரே பதில்: "நான் வரலைங்க. அவன் வந்தா பூட்டின வீட்டையா பாப்பான்?"

நவம்பர் 6, வியாழன்

இதை எப்படி எழுதுவது. நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது பின்சுவர் ஓரம் மட்டும். என் மேசை அங்கேதான், வெடிப்பும் அங்கேதான். ஐந்து மணிக்கு ஆறாம் அத்தியாயம் எழுத முந்தைய அத்தியாயங்களைச் சரிபார்க்க லேப்டாப்பில் கேமைத் திறந்தேன். ரவியின் கணக்கில். அவன்தான் எனக்காக விளையாடிப் பிழை சொல்வான், அதனால் அவன் கணக்கில் எல்லா அத்தியாயமும் திறந்திருக்கும். இந்த ஒரு வருடமாக அதிலேயேதான் வேலை பார்க்கிறேன். திறந்ததும் நண்பர்கள் அனுப்பிய விளக்குகள் வரிசையாக வந்து திரையை மறைக்கும். மாறன் குகைக்குள் போக எண்ணெய் விளக்கு வேண்டும், அதை ஒருவருக்கொருவர் அனுப்பலாம். யார் அனுப்பியது என்று நான் பார்ப்பதே இல்லை. "எல்லாம் ஏற்க" என்று ஒரே அமுக்கு.

அமுக்கினேன். பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த அம்மா, "வந்துட்டான்" என்றாள்.

அவள் போனைக் காட்டினாள். அதற்குள் இருக்கும் காய்கறி அடுக்கும் ஆட்டத்துக்காக ரவி போட்டுக்கொடுத்த அதே கேம். நண்பர் பட்டியலில் ரவியின் பெயர், பக்கத்தில், ஆள் உள்ளே இருக்கிறான் என்று காட்டும் பச்சைப் புள்ளி.

"தை மாசத்துலருந்து தெனம் ஒரு வெளக்கு அனுப்புறேன். தெனம் வாங்கிக்கிறான். நன்றினு வருது பாரு. நீ நம்பமாட்டேனுதான் சொல்லல."

"அம்மா, அது..."

"நீதானே புள்ள சொன்ன, உடம்பக் காட்டாதவரைக்கும் ஆளு சாகலனு?"

சொன்னேன். மு.வைப் போலப் பேசிக்காட்டி, சிரித்துக்கொண்டே, இதே அறையில். அவள் அன்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

பத்து மாதம். ஒவ்வொரு நாளும் என் விரல்.

நவம்பர் 7, வெள்ளி

மழை குறையவில்லை. தண்ணீர் பிடிக்கும் ஊற்றுப் பீலியில் செம்மண் நிறம். வாசல் கதவு நிலையில் இறுகி, தோள் கொடுத்தால்தான் திறக்கிறது. நேற்றுவரை இப்படி இல்லை.

லயமே காலி. பாய், பானை, கேஸ் சிலிண்டர், கோழிக்கூடு எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு. பார்வதி அக்கா கடைசியாகப் போனார். போகும்போது, "அம்மாவ விட்டுறாத கலா, தூக்கிட்டாவது வா" என்றார்.

நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். இன்று ரவியின் கணக்கைத் திறக்கவில்லை. புள்ளி வராவிட்டால் அம்மாவின் நம்பிக்கை தானாக அடங்கும் என்று நினைத்தேன். ஐந்து மணி, ஐந்தரை, ஆறு. அம்மா பின்சுவரில் சாய்ந்து, வெடிப்புக்கு முதுகைக் கொடுத்து, போனையே பார்த்தபடி.

"இன்னைக்கு வரலியே. என்னமோ ஆயிருச்சு. வந்து தேடுவான், நான் இந்த எடத்த விட்டு அசையமாட்டேன்."

மு. மூன்று மெசேஜ். மாறன் என்ன ஆனான்? மாறன் நாசமாகப் போகட்டும்.

நவம்பர் 8, சனி

காகிதம் கிழிந்துவிட்டது. நடுவில், நேராக. விரல் நுழைகிற இடைவெளி. சுவருக்குள்ளிருந்து மணல் கொட்டுகிறது.

அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். "ரவி இல்லம்மா, நான்தான். லேப்டாப்புல நான்தான் தெறந்தேன், நான்தான் வெளக்கு வாங்கினேன்."

அவள் கோபப்படவில்லை. என் கன்னத்தைத் தட்டினாள். "என்னையக் கெளப்புறதுக்கு என்னா கதையெல்லாம் கட்டுற நீ. அதுதானே ஒன் வேல."

அப்போதே அவள் கண்முன் திறந்து காட்டியிருக்கலாம். லேப்டாப் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. காட்டவில்லை. ஏன் என்று இங்கேயாவது உண்மையை எழுத வேண்டும். காட்டியிருந்தால் அவன் அந்த நிமிடத்தில் செத்திருப்பான். அதற்குப் பிறகு அவள் எழுந்து வருவாள் என்று யார் சொன்னது? அந்தச் சுவரோடேயே உட்கார்ந்திருப்பாள். எனக்குப் பயமாக இருந்தது.

குடையை எடுத்துக்கொண்டு மேலே பீலியடிக்குப் போனேன். அங்கே ஒரு கோடு சிக்னல் உண்டு. என் போனில் கேமைத் திறந்து ரவியாக நுழைந்தேன். அம்மாவுக்கு மெசேஜ் தட்டினேன்:

"அம்மோவ். செவரு சரியில்ல. பள்ளிக்கூடத்துக்குப் போயிரு. அக்கா சொல்றதக் கேளு."

அனுப்புவதற்குமுன் மூன்று முறை திருத்தினேன். முதலில் "அம்மா" என்றுதான் வந்தது. அவன் "அம்மோவ்" என்றுதான் கூப்பிடுவான் என்று ஞாபகம் வந்து மாற்றினேன். வெட்கங்கெட்ட கை. வசனம் எழுதிப் பழகிய கை.

கீழே இறங்கி வந்தபோது அம்மா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கையில் ரவியின் சட்டை, அந்த ஒற்றைச் செருப்பு, போன். அழுகையும் சிரிப்புமாக முகம்.

"எழுதியிருக்கான் கலா. வா, சீக்கிரம் வா. அவன் சொன்னா சரியா இருக்கும்."

நவம்பர் 9, ஞாயிறு

பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பு அறை, பதினோரு குடும்பம்.

விடியற்காலையில் சத்தம். லாரி மண் கொட்டுவதுபோல, ஆனால் நிற்காமல். ஆண்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். எங்கள் லயத்தில் பின்வரிசை நாலு காம்பரா வீடுகளும் இல்லை. என் மேசை, பின்சுவர், அம்மாவின் பாய், ஒன்றும் இல்லை. ஆளுக்குச் சேதமில்லை.

நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை.

"மேடு வரப்போறது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்ப பக்கத்துலதான் எங்கயோ நின்னு பாத்துக்கிட்டு இருக்கான்."

கேட்டவர்களுக்கெல்லாம் போனைக் காட்டினாள். நேற்றைய தேதி, நேரம், மெசேஜ். யாரும் சிரிக்கவில்லை. சரிந்த மேட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எப்படிச் சிரிப்பார்கள்? மத்தியானம் கணேசன் மாமா வந்தார். இரண்டு தடவை படித்தார். "ஐயர வேணாம்னு சொல்லிர்றேன்க்கா" என்றார்.

எழுதியது நான் என்று மாமாவிடம் சொல்ல எழுந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். மாமாவுக்குத் தேத்தண்ணீர் வாங்கிவரப் போனேன்.

நவம்பர் 10, திங்கள்

மழை விட்டிருக்கிறது. ஒரு வருடம். காரியம் இல்லை.

மு.வுக்கு ஆறாம் அத்தியாயம் அனுப்பிவிட்டேன். ஐந்தாம் வழி. மாறன் கதவைத் திறந்துகொண்டு வருகிறான், யாரும் காரணம் கேட்கவில்லை. "சூப்பர்" என்று பதில்.

காலையிலிருந்து அம்மா அனுப்பியவை: விளக்கு 1. "சாப்டியா." "எப்ப வாற ராசா." மூன்றும் என் மடியிலிருந்த போனில் அதிர்ந்தன. அவள் மூன்றடி தள்ளி, சிறுபிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து, தன் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ரோட்டில் பஸ் நின்றால் மட்டும் தலை நிமிர்கிறது. பதில் போடாவிட்டால் மண் சரிந்த இடத்துக்குத் தேடிப் போவாள். "வேலை இருக்கு, வருவேன்" என்று போட்டேன்.

சற்றுமுன் பார்வதி அக்கா வந்தார். தலை குளித்து, நல்ல சேலை கட்டியிருந்தார். பொலித்தீன் பையில் சுற்றிய போனை வெளியே எடுத்து, முந்தானையால் துடைத்து, என்னிடம் நீட்டினார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் கையில் போனோடு.

"கலா, எங்க வீட்டுக்காரருக்கு இந்த வெளையாட்டெல்லாம் தெரியாது. இருந்தாலும் ரவிகூடத்தானே போனாரு. அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாக்குறியா?"

அம்மா திரும்பி, "நானே கேக்குறேன் பார்வதி" என்று சொல்லிவிட்டு, ஒரு விரலால் எழுத ஆரம்பித்தாள்.

என் போன் அதிர்ந்தது.