ஒரே ரயிலுக்கு நாலு டிக்கெட்

ரோவினா,

நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். டர்ஹாம் பல்கலைக்கழக நேர்முகத் தேர்வுக்கு நீ போவதற்கான டிக்கெட்டுகள் கெட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. ஒரே ரயில், நாலு டிக்கெட். வழியைத் துண்டு துண்டாகப் பிரித்து வாங்கினால் பாதி விலைதான். எக்ஸிடர், பர்மிங்ஹாம், யார்க் வரும்போதெல்லாம் அடுத்த டிக்கெட்டில் உள்ள இருக்கைக்கு மாறி உட்கார். ரயிலை விட்டு மட்டும் இறங்கிவிடாதே.

"மானம் போகுதுப்பா! தாவித் தாவி உக்கார நான் என்ன கங்காருவா?" என்று நேற்று கத்தினாய். பரிசோதகர் சிரித்தால் நீயும் சிரித்துவிடு.

சாண்ட்விச் ஃபிரிட்ஜில் இருக்கிறது. ரயிலில் டீ வாங்காதே, மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

அப்பா

பி.கு: திரும்பி வர ஒரே டிக்கெட், முழு விலை. எந்த ரயிலிலும் ஏறலாம். கடிகாரத்தைப் பார்க்காமல் நிதானமாகப் பேசிவிட்டு வா.

விலையை அம்மாவிடம் சொல்லாதே. "ஏங்க, உடம்பு சரியில்லையா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.