உடைந்த ஊசியின் மறுபாதி

என் சரசுவுக்கு,

நீ போயிருக்கும் இடத்துக்குத் தபால் உண்டோ இல்லையோ, எழுதாமல் இருக்க முடியவில்லை. பயமாக இருக்கிறது, சரசு. அறுபது வயதுக்காரன் இப்படிச் சொல்ல வெட்கம்தான். உன்னிடம் என்ன வெட்கம்?

நம் மல்லிகாவுக்குப் பையன் பிறந்து எட்டு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை கல்ஃபில் இருக்கிறார். அவள் மறுபடியும் எறணாகுளத்தில் துணிக்கடை வேலைக்குப் போகிறாள். காலையில் காயலைக் கடக்கப் போட்டில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அதுவரை பிள்ளை என் பொறுப்பு. அப்பா இருக்கும்போது எனக்கென்ன கவலை என்று மட்டாஞ்சேரி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். மல்லிகாவை வளர்த்தது நீ. நான் மிளகுக் கிடங்கில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன்.

பையன் தவழ ஆரம்பித்துவிட்டான். மழைக்காலத்தில் நம் சிமிண்டுத் தரை வேர்ப்பது உனக்குத் தெரியாததா? அதனால் அவன் விளையாட ஒரு கனத்த விரிப்பு தைத்தேன். அடியில் நாலு முறை அலசிக் காயப்போட்ட சாக்கு, நடுவில் என் பழைய வேட்டிகள், மேலே உன் நூல்புடவை இரண்டு. இழுத்தாலும் கடித்தாலும் கிழியக்கூடாது என்று நெருக்க நெருக்கத் தையல். அழகுக்குக்கூடப் பொத்தான் வைக்கவில்லை, விழுங்கிவிடுவான் என்று. அவ்வளவு யோசித்த புத்திசாலி நான்.

சாக்கு ஊசி புடவையில் பெரிய ஓட்டை போட்டதால் உன் டப்பாவிலிருந்து சின்ன ஊசியை எடுத்தேன். கைப்பழக்கம் விடுமா? கிடங்கில் தள்ளுகிற மாதிரியே உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினேன். ஊசி ஒடிந்தது. முனைப் பாதி துணியில் நின்றது, பிடுங்கி எடுத்துவிட்டேன். காதுப் பாதியைக் காணோம். பிள்ளை பக்கத்திலேயே தவழ்ந்துகொண்டிருந்தான். வாயில் விரலை விட்டுத் துழாவினேன். வீறிட்டு அழுதான், ஒன்றும் அகப்படவில்லை.

மல்லிகாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றோடு வேலையை விட்டுவிடுவாள். கடையில் நின்று நாலு பேரோடு அவள் சிரித்துப் பேசுவதை நீ பார்த்ததில்லையே. தையல் இன்னும் முடியவில்லை என்று சொல்லி விரிப்பைச் சுருட்டிப் பரண்மேல் போட்டேன். இரண்டு நாள் பையன் வெளிக்குப் போனதையெல்லாம் குச்சியால் கிளறிப் பார்த்தேன். அவன் கொஞ்சம் முனகினாலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மூன்றாம் நாள் விரிப்பையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ரேடியோ பழுதுபார்க்கும் ஜோசப்பிடம் ஓடினேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை அவன் விரிப்பு முழுக்க இரண்டு புறமும் தேய்த்தான். ஒன்றும் ஒட்டவில்லை. அப்படியானால் பிள்ளையின் வயிற்றில்தான் இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். அங்கே வைத்துப் பார்க்கலாம் என்று காந்தத்தை ஜோசப்பிடமிருந்து பிடுங்கினேன். அது என் உள்ளங்கையைப் பிடித்து இழுத்தது.

"சேட்டா, ஆ கை ஒண்ணு காட்டு," என்று அந்தக் கையைக் காட்டச் சொன்னான் ஜோசப்.

சாக்குத் தைத்து மரத்துப்போன காய்ப்புக்குள் புதைந்திருந்தது அந்தப் பாதி. மூன்று நாள் எனக்குத் தெரியவே இல்லை. இடுக்கியால் அவன் பிடுங்கியபோதும் தெரியவில்லை. கடையில் நின்று அழுதேன், சரசு. பிள்ளையை முத்தமிட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் கால் வைத்தபோதுதான் புத்தியில் உறைத்தது. தினமும் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது வெந்நீரில் இந்தக் கையை விட்டுத்தானே பதம் பார்க்கிறேன்? போன வாரம் அவன் தொட்டியில் அலறியதை அடம் என்று நினைத்து அதட்டினேனே?

சாயங்காலம் மல்லிகாவிடம் ஊசிக் கதையைச் சொன்னேன். முதலில் வெளிறிப்போனாள், பிறகு சிரித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப வலிச்சுதாப்பா?" என்று கேட்டாள்.

"வலிச்சுது," என்றேன்.

வெந்நீர் விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. நாளைக் காலை அவள் போட்டில் ஏறுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், உன்மேல் ஆணை. அவள் வேலையை விட்டாலும் சரி, என் மூஞ்சியில் முழிக்காவிட்டாலும் சரி. அதுவரை பிள்ளைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற மாட்டேன்.

மல்லிகாவிடம் பொய் சொன்ன அப்பன்,
உன் புருஷன்.