உபரிச் செயின்

மணமேல்குடி
தை மாதம், 1959

வண்டிச் செயின் வந்து சேர்ந்தது. ஒன்றல்ல, இரண்டும். துருப்பிடிக்காமல், எண்ணெய்த்தாள் கிழியாமல், சுற்றிய நூல்கூட அறுபடாமல். முதலில் சலாம் சொல்லித்தான் தொடங்கியிருக்க வேண்டும். மகன் ஷேக் பரீதுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதினால் நீ அதை நம்பிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவாய், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பதைப் பினாங்கிலிருந்து உன் பொட்டலத்தைக் கொண்டுவந்த முகம்மது சுல்தான் சொன்னார். வேண்டியதற்கு மேலேயே சொன்னார்.

அவர் வந்தபோது உன் அத்தா அசர் தொழப் போயிருந்தார்கள். நான்தான் பிரித்தேன். ஒரு வரி எழுத்தாவது இருக்கும் என்று தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எண்ணெய்தான் இருந்தது. செயின் ஒன்றை மட்டும் அனுப்பியிருந்தால் நானும் நம்பியிருப்பேன், முன்னால் செயின் வருகிறது, பின்னாலேயே பிள்ளை வந்துவிடும் என்று. நீ உபரிக்கு ஒன்று வைத்திருந்தாய். பழைய செயின் எவ்வளவு காலம் ஓடித் தேய்ந்தது என்பதைப் பார்த்தவள் நான். இது தேய்ந்து, அடுத்ததை மாட்டுகிற காலத்திலும் நீ இங்கே இருக்கப்போவதில்லை. அதைத் தெரிந்துகொண்டு நான் உட்கார்ந்திருக்கும்போதுதான் சுல்தான் காப்பியைக் குடித்துக்கொண்டே, "பேரன் இப்பத்தான் தத்தித்தத்தி நடக்குறான் மாமி, அச்சு அசல் பரீதுதான்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். எங்களுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது, பாவம். எழுந்து போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. மிச்சக் காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.

நீ நிக்காஹ் செய்ததற்கு நான் கோபப்படவில்லை. செய்துகொண்டு, வருகிறேன் வருகிறேன் என்று எழுதினாயே, அதற்குத்தான். நீ கப்பலுக்குக் கிளம்புகிற வாரம் வண்டியின் இன்ஜினை முன்பக்கம் பிரித்துப் போட்டாய். உள்ளே பல்சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற செயின் தொளதொளவென்று ஆகிவிட்டது, இனி ஓட்டினால் வழியில் நின்றுவிடும், இந்தச் சைசு இங்கே கிடைக்காது, நானே கொண்டுவந்து மாட்டுகிறேன் என்றாய். உன் அத்தா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அறந்தாங்கி மெக்கானிக் செபமாலை தானாகவே வந்து, திருச்சியில் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் தேடிப் பார்க்கிறேன் என்றபோதுகூட, "பிரிச்ச கைதான் பூட்டணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது எந்த ஊர்ச் சட்டமோ. பட்டாளத்து ஏலத்தில் எடுத்த அந்த ஆம்புலன்ஸில் நீங்கள் இருவரும் சந்தை சந்தையாகச் சேலை விற்கப் போய், ஆளுக்கு ஒரு பலகையில் படுத்து, உள்ளேயே சோறாக்கித் தின்றுவிட்டு வந்ததெல்லாம் எனக்கு மறக்கவில்லை. அந்த வண்டி கொட்டகையில் நின்றது. உன் அத்தா சேலைக் கட்டுகளைப் பஸ் கூரையில் ஏற்றி, இலுப்பூருக்கும் ஆவுடையார்கோவிலுக்கும் நின்றுகொண்டே போய் வந்தார்கள். இடுப்பு போய்விட்டது. மழையில் ஒரு கட்டு முழுக்க நனைந்து சாயம் இறங்கியது. அதையெல்லாம் உனக்கு எழுதக் கூடாது என்று சொன்னதும் அவர்கள்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால் அவர்களுக்கு வேறு வேலை கிடையாது. நீ கழற்றி வைத்த பல்சக்கரங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, என்னுடைய பழைய சேலைத் துணியால் துடைத்து, எண்ணெய் பூசித் திரும்ப வைப்பார்கள். உன் தங்கை ரஹீமா ஒருநாள், "என் தலைக்கு ஒரு நாளு எண்ணெ வச்சதுல்ல, அண்ணன் சக்கரத்துக்கு வாராவாரமா" என்று கேட்டுவிட்டாள். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே துடைத்தார்கள்.

சுல்தான் சொன்னதை அன்றே அவர்களிடம் சொன்னேன். மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. கேட்டார்கள். செயினை எடுத்து விரலில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். "பேரு என்னவாம்?" என்றார்கள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. சுல்தானும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "செபமாலையக் கூப்புடச் சொல்லு" என்றார்கள்.

செபமாலை வந்து சக்கரங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கம்பெனியில் போட்ட புள்ளி தேய்ந்துபோய்விட்டதாம், அதனால் கழற்றும்போது பரீது ஏதாவது அடையாளம் வைத்திருப்பான், இரண்டு அடையாளமும் நேருக்கு நேர் நின்றால்தான் செயினை மாட்டலாம், அது எங்கே பாய் என்று கேட்டான். எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நீ குச்சியில் சிவப்புப் பெயிண்டைத் தொட்டு இரண்டு சக்கரத்திலும் பொட்டு வைத்தாய், நான் பார்த்தேன். உன் அத்தா கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். "அழுக்குன்னுல்ல நெனச்சேன்" என்றார்கள். அதற்குமேல் அவர்கள் கொட்டகையில் நிற்கவில்லை. நீ வைத்துப்போனதை வாராவாரம் தம் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுத்திருக்கிறார்கள், பரீது. உன் கல்யாணத்தைக் கேட்டு உடையாதவர்கள் அதற்கு உடைந்துபோனார்கள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். மக்ரிபுக்குப் பள்ளிக்குப் போகவில்லை.

செபமாலை ஏதோ ஒரு துவாரத்தில் கம்பியை விட்டு, உள்ளே எது மேலே வருகிறது என்று பார்த்து, ஒரு கணக்கில் மாட்டினான். முதல் தடவை துப்பாக்கி மாதிரி வெடித்து நின்றது. மறுநாள் வந்து ஒரு பல் தள்ளி மாட்டினான். ஓடியது. தெரு முழுக்கப் புகை. உன் அத்தா எழுந்து வாசல்வரை வந்து, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "அவன் பூட்டுனா இந்த எரைச்சல் இருக்காது" என்றார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. செபமாலைக்கும் தெரிந்திருக்காது.

உன் அத்தாவுக்கு இப்போது கண் சரியில்லை, ஓட்ட முடியாது. ஆண்டியப்பன் என்று ஒரு டிரைவரைப் பேசியிருக்கிறோம். நாளை இலுப்பூர்ச் சந்தை. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து போவார்கள். உபரிச் செயினை என்ன செய்வது என்று செபமாலை கேட்டான். எண்ணெய்த்தாளிலேயே சுற்றி, சக்கரம் இருந்த அந்தப் பெட்டியில் வைத்திருக்கிறேன். இனி செயின் அனுப்பாதே. எங்கள் காலத்துக்கு இது போதும்.

உன் வீட்டுக்காரிக்கு என் சலாம் சொல். அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், நடக்கத் தொடங்கியிருக்கிற கால் வலுக்கட்டும், அவன் உன்னைக் காக்கவைக்காமல் இருக்கட்டும். இதை நான் சாபமாகச் சொல்லவில்லை, துஆவாகவே சொல்கிறேன். அவன் பெயரை எழுது. வேறு எதையும் எழுதாவிட்டாலும் பெயரை எழுது, உன் அத்தா தினமும் தபால்காரரைக் கேட்கிறார்கள்.

உன்னைப் பெற்றவள்,
ஹவ்வா உம்மாள்

உறையை ஒட்டுவதற்குள் இன்னும் ஒன்று. இதை எழுதிவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். வண்டிக்குள் ஏறி, உன் பலகையில் கிடந்த மெத்தையைச் சுருட்டி வெளியே எடுத்துப் போட்டேன். நாளைக்குக் கொண்டுபோகிற சேலைக் கட்டுகளை அந்த இடத்தில் அடுக்கினேன்.