வன்தட்டை அழிக்குமுன் கேட்க வேண்டியது

வெண்கோட்டு நாட்டை அறம் வழுவாது புரக்கும் வேந்தர் நெடுஞ்சேயின் தலைமை அமைச்சன் பொழிலன் ஆதன், கீழைக் கடற்கரை முழுவதையும் தம் காவலில் வைத்திருக்கும் நெய்தல்வாயில் கோட்டத்து அதிபர், பெருமதிப்பிற்குரிய இளவெயினி அம்மையாருக்குப் பணிவுடன் விடுக்கும் ஓலை. தங்கள் துறைகளில் கலங்கள் குறையின்றிக் கரைசேர்க. தங்கள் குடிகள் நோயின்றி வாழ்க.

நம் வீடுகளிலுள்ள கணினிகள் யாவும் கடல்கடந்த வணிகர் விற்ற இயங்குதளத்திலேயே ஓடி வந்ததையும், பழைய கணினிகளுக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் தரமாட்டோம், புதியவை வாங்குக என்று அவ்வணிகர் அறிவித்ததையும், அதன்மேல் வேந்தர் எல்லா வீடுகளுக்கும் விலையின்றி லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை ஏற்றித் தருமாறு ஆணையிட்டதையும் தாங்கள் அறிவீர்கள். அவ்வாணையில் இன்றும் நான் குறை காணேன். குறை என் கையால் நேர்ந்தது. அதைச் சொல்லவே இவ்வோலை.

ஆவணித் திங்களில் முத்தங்கரை என்னும் ஊரில் பணி தொடங்கிற்று. முதல் வீட்டில் நானே ஏற்றிக் காட்ட விரும்பினேன். ஊரார் கூடி நின்று பார்த்தது எனக்கு உவப்பாயிருந்தது என்பதையும் மறைக்கவில்லை. அவ்வீடு கலங்கரை விளக்கின் காவலர் விடங்கருடையது. அவர் மனைவி வேண்மாள் நோயில் இறந்து ஈராண்டு ஆகியிருந்தது. கணினியில் காக்க வேண்டியது ஏதும் உண்டா என்று கேட்டேன்.

"அது அவ பொட்டிங்க ஐயா. எனக்குத் தொறக்கக்கூடத் தெரியாது. ஒண்ணும் இருக்காது, போடுங்க" என்றார்.

வேறு எவரையும் நான் கேட்கவில்லை. வன்தட்டு முழுவதையும் அழித்து ஏற்றுக என்னும் தெரிவை என் விரலே அழுத்தியது. ஒரு நாழிகைக்குள் புதிய திரை ஒளிர்ந்தது, ஊரார் கைதட்டினர்.

மறுநாள் விடங்கரின் மகள் நப்பின்னை, தான் ஆசிரியையாய் இருக்கும் வெளியூரிலிருந்து வழக்கம்போல் வாரவிடுமுறைக்கு வந்தாள். வந்து கணினியைத் திறந்து பார்த்தவள் நேரே என் விடுதிக்கு நடந்து வந்தாள். தந்தையும் பின்னே வந்தார்.

"அம்மா குரல் எங்க ஐயா?" என்றாள்.

வேண்மாள் படுக்கையில் இருந்த நாட்களில், மகளுக்குச் சொல்ல நினைத்ததையெல்லாம் அக்கணினியில் பேசிப் பதிந்து வைத்திருந்தாராம். மொத்தம் அறுபத்திரண்டு பதிவுகள். தாய் இறந்து ஓராண்டு கழிந்த பின்பே அவற்றைக் கண்ட மகள், வீட்டுக்கு வருந்தோறும் ஒன்றை மட்டும் தனியே கேட்டு வந்திருக்கிறாள்.

"இன்னும் பதினொண்ணு கேக்கல ஐயா. தீந்துபோயிடுமேன்னு மிச்சம் பிடிச்சு வெச்சிருந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா" என்றார் விடங்கர்.

"நீங்க தாங்கமாட்டீங்கன்னுதாம்பா."

அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

அக்கணமே கணினியை நிறுத்தச் செய்து, வன்தட்டைத் தலைநகருக்கு எடுத்துச் சென்றேன். வல்லுநர் மூவருடன் ஒன்பது நாள் தேடினேன். பழைய கோப்புகளின்மேல் புதியவை எழுதப்பட்டுவிட்டதால் ஒரே ஒரு பதிவுதான் மீண்டது. ஓட்டிப் பார்த்தபோது, "நப்பி, கேக்குதா?" என்று இளைத்த குரல் ஒன்று வந்தது. மேற்கொண்டு கேட்க எனக்கு உரிமையில்லை என்று நிறுத்தினேன்.

அதை ஒரு கைப்பேசியில் ஏற்றி, முத்தங்கரைக்கு நானே கொண்டு சென்று அவள் கையில் கொடுத்தேன். அவள் காதில் வைத்துக் கேட்டாள். கேட்டு முடித்ததும், "இது ஏற்கெனவே கேட்டதுதான் ஐயா" என்றாள்.

அம்மையீர், அன்று முதல் அவையில் எவர் பேச எழுந்தாலும் என் செவியில் முதலில் விழுவது 'கேக்குதா?' என்னும் அவ்வினாதான். என் அறையில் கணினியைத் தொடக்கியதும், யாரோ மூச்சை இழுத்துப் பேச வாயெடுப்பதுபோல் தோன்றிக் கை அசையாமல் அமர்ந்துவிடுகிறேன். நான் அறியாத அப்பதினொன்றையும் என் மனமே இட்டுக்கட்டிப் பேசுகிறது; ஒன்றில் கண்டிப்பு, ஒன்றில் சமையற் குறிப்பு, ஒன்றில் வெறும் இருமல். பதவி விலக விடை வேண்டினேன். செய்ததைத் திருத்தாமல் போகலாகாது என்று வேந்தர் மறுத்துவிட்டார்.

எனக்கு என்ன தண்டம் வேண்டும் என்று நப்பின்னையையே கேட்டேன். "தண்டமெல்லாம் எதுக்கு? மத்த வீட்டுல எல்லாரையும் கேட்டுட்டு அழிங்க" என்றாள். இப்போது விடுமுறை நாட்களில் எம் அலுவலருடன் அவளே வீடுவீடாகச் செல்கிறாள். இதுவரை ஏழு வீடுகளில், ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட கணினிகளில் இறந்தோரின் எழுத்தும் குரலும் கண்டெடுக்கப்பட்டன.

ஆகவே தங்கள் கோட்டத்தில் இன்று முதல், வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும், வெளியூரில் இருப்போரையும் கேட்டறியாமல் எக்கணினியும் அழிக்கப்படலாகாது. முதலில் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, உள்ளதையெல்லாம் வேறொரு தட்டில் படியெடுத்து, அந்தப் படி சரியாகத் திறக்கிறதா என்று வீட்டாருக்குக் காட்டிய பின்பே அழித்தல் வேண்டும். காலம் நீளுமாயின் நீளட்டும், வேந்தர் இசைந்துள்ளார்.

இவை உண்மையென்பதற்கு என் கையொப்பமும், ஆணையென்பதற்கு வேந்தரின் வேங்கை முத்திரையும் கீழே இடப்பட்டன.

மேலும் ஒன்று. தங்களுக்கு முன்மாதிரியாக நான் முன்பு அனுப்பிய, பணி முடிந்த வீடுகளின் முத்தங்கரைப் பட்டியலில், விடங்கர் வீட்டுக்கு எதிரே 'நிறைவு' என்று என் கையால் எழுதியிருக்கிறேன். அச்சொல்லை அடித்துவிடுக.